இரண்டு ஆள் வேலை

கீழ் போல்ட் துளைக்குள் போக மறுத்தது. இடது கையில் டைனமோவை ஏந்திப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களால் துளையைத் துழாவி, பெரிய டீச்சர் நான்காவது தடவையாக முயன்றார். ஐந்து கிலோ கனம் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஏறியது. துளையும் துளையும் நேருக்கு நேர் வந்தன, ஒரு நூலளவு விலகின, மறுபடி ஒளிந்துகொண்டன. போல்ட் விரலிலிருந்து நழுவி, எஞ்சினுக்குள் எங்கேயோ இரண்டு இடத்தில் மோதி, தரையில் விழுந்து உருண்டது.

டீச்சர் டைனமோவை வெளியே எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு, எழுபத்தோரு வயது முழங்கால்களை ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றி, துடைப்பக் கட்டையைக் காருக்கு அடியில் விட்டுத் துழாவினார்.

ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். அந்தப் பக்கம் கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் ஐந்தரைக்குக் காப்பி கொண்டுபோய்க் கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டுவிட்டுத் தோளைத் தொட்டார். தொட்டதும் தெரிந்துவிட்டது. அறுபத்தெட்டு வயது, அக்காவுக்கு மூன்று வயது இளையவன். இப்போது மணி ஒன்று. நாலு மணிக்கு அவனைக் கொண்டுபோக ஊர்தி வரும். அதற்குள் இந்தக் கார் கிளம்பியாக வேண்டும்.

டைனமோ வந்த பெட்டியில் ஆல்டர்னேட்டர் என்றுதான் அச்சடித்திருந்தது. வண்டி ஓடும்போதே பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிற சாமான். அது இல்லாவிட்டால் பேட்டரி இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் கைவிரித்துவிடும். ஊர் முழுக்க என்ன பெயர் சொன்னாலும் தம்பிக்கு அது டைனமோ. அதனால் அந்த வீட்டில் அதன் பெயர் டைனமோ.

போல்ட் பின் சக்கரத்துக்கு அருகில் கிடந்தது. எடுத்துத் துடைத்தபடி டீச்சர் எழுந்தபோது, ஜன்னலில் இரண்டு முகங்கள் சட்டென்று விலகின. துக்கத்துக்கு வந்தவர்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கூடப்பிறந்தவன் கூடத்தில் கிடக்க, அக்காக்காரி காருக்கு அடியில் கிடந்தால் யாருக்குத்தான் எட்டிப் பார்க்கத் தோன்றாது. அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். புத்தி பிசகினவளை இரக்கமாகப் பார்ப்பார்கள். இளக்காரமாகப் பார்க்க மாட்டார்கள்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் அண்ணன் வந்துவிட்டிருந்தார். டீச்சருடைய பெரியப்பா மகன். பார்சல் கம்பெனி வைத்து நடத்தி, மகன்களிடம் கொடுத்துவிட்டு, இப்போது வெள்ளைச் சட்டையும் வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியுமாக உட்கார்ந்திருக்கிறவர். வெளியே அவருக்கு ஏகப்பட்ட மரியாதை. இந்த வீட்டுக்குள் மட்டும், அவர் காதுக்கு எட்டாமல், அக்காவும் தம்பியும் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘வேன்’. வாசலில் அவர் தலை தெரிந்தால், “வேன் வந்தாச்சு, வழி விடுக்கா” என்பான் தம்பி.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்த அன்று விடாத மழை. வருவதாகச் சொன்ன வண்டி வரவில்லை. மாலை வரை பார்த்துவிட்டு, அண்ணன் தன் பார்சல் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அட்டைப்பெட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அப்பாவை அதில்தான் கொண்டுபோனார்கள். செய்தது பெரிய உதவி. அதை டீச்சர் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அந்த வேன் அன்றோடு நிற்கவில்லை. கல்யாண வீடு, குழந்தை பிறந்த வீடு, புது வீடு கட்டினவன் வீடு என்று சொந்தக்காரர் கூடுகிற இடமெல்லாம் ஓடியது. என் வேன் மட்டும் இல்லாவிட்டால் சித்தப்பா கதி என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் நாலு பேர் நடுவில் கேட்பார். நாலு பேரும் அக்காவையும் தம்பியையும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு தகப்பனை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அனுப்பிவைத்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிற பார்வை.

மறு வருஷம் தம்பி இந்தக் காரை வாங்கினான். டெலிபோன் ஆபீஸ் சம்பளத்தில் அது சின்னக் காரியம் இல்லை. கொண்டுவந்து நிறுத்தின அன்று டீச்சர் பானட்டின் மேல் கை வைத்துச் சொன்னது ஒன்றுதான். இனி இந்த வீட்டிலிருந்து யார் கடைசியாகக் கிளம்பினாலும், பின்னால் நம்முடைய வண்டி போகும். அடுத்தவன் வண்டியில் ஏற மாட்டோம். தம்பி சிரித்துக்கொண்டே, முதலில் கிளம்புகிறவர் ஓட்ட முடியாது, அதனால் நீயும் ஓட்டக் கற்றுக்கொள் என்றான். அவர் கற்றுக்கொண்டார்.

அதனால்தான் காலையில் அண்ணன் வாயைத் திறந்ததுமே டீச்சருக்கு முதுகு நிமிர்ந்தது.

“நாலு மணிக்கு ஊர்திக்குச் சொல்லியாச்சு பாப்பா. நீ என் வண்டியில வந்துடு.”

தலைமை ஆசிரியையாக ஓய்வுபெற்றவர். தெருவே பெரிய டீச்சர் என்று எழுந்து நிற்கும். அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா.

“எங்க வண்டி இருக்கு.”

“எது? ஷெட்டுல பல்லு புடுங்கின வாய் மாதிரி திறந்து கிடக்கே, அதுவா?”

“நாலு மணிக்கு வாய மூடிடும்.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“நேத்து ஏதாச்சும் சொன்னானா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதுன்னு?”

“ஒண்ணும் சொல்லல.”

தெருமுனை டாக்டரும் விடியற்காலையில் இதையேதான் கேட்டிருந்தார். அவருக்கும் டீச்சர் இதையேதான் சொல்லியிருந்தார். இதயம் நின்றுவிட்டது, தூக்கத்திலேயே போயிருக்கிறார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாவது தடவை போல்ட் போனது. எந்தக் கோணத்தில் போனது என்று டீச்சருக்கே தெரியவில்லை. ஏதோ மனசு மாறின மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மறுபக்கம் தலை காட்டியது. நட்டைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்தார். பேட்டரி மேல் விரித்து வைத்திருந்த நோட்டை எடுத்தார்.

அந்த வீட்டில் எதைப் பிரித்தாலும் அதற்கென்று ஒரு முறை உண்டு. மின்விசிறியோ, தையல் மெஷினோ, காரோ, தம்பி கழற்றுவான். டீச்சர் டார்ச் பிடித்துக்கொண்டு கேட்பார். பேட்டரி மைனஸ்? ஆச்சு. சின்ன பிளக்? ஆச்சு. அவன் ஆச்சு என்ற பிறகுதான் நோட்டில் வரி ஏறும். பூட்டுகிற அன்று அதே நோட்டைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசியாகக் கழன்றது முதலில் ஏறும். முப்பது வருஷமாக ஒரு வாஷர்கூட மிச்சம் விழுந்ததில்லை.

“ரோல் கால் எடுக்கிறியா அக்கா?” என்பான் காருக்குள்ளிருந்து.

“எடுக்கலேன்னா எவன் ஆப்சென்ட்டுன்னு எப்படித் தெரியும்?”

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு டீச்சர் ஒரு பார்வை வைத்திருந்தார். ஒருவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

நேற்று மாலையும் அப்படித்தான் பிரித்தார்கள். நாளை மறுநாள் டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் விழா, அவர்தான் தலைமை. கார் அனுப்புகிறோம் என்று பள்ளியிலிருந்து இரண்டு தடவை போன் செய்தார்கள். எங்களிடம் வண்டி இருக்கிறது என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டார். இருக்கிற வண்டியில் ஒரு வாரமாகச் சார்ஜ் ஏறவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் தம்பி நேற்று குனிந்தான். பேட்டரியில் சார்ஜர் வயரை மாட்டி ஜன்னல் வழியாக இழுத்து ராத்திரி முழுக்க ஏற விட்டதும் அவன்தான். காலையில் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு டீச்சர் கூடத்துக்கு வந்தபோது, சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரி நிறைந்துவிட்டிருந்தது.

நோட்டின் பக்கத்தில் எட்டு வரி இருந்தது. கீழிருந்து மேலாகப் படிக்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது எட்டாவது வரி இல்லை. அதற்கும் கீழே ஒன்று எழுதியிருந்தது. டீச்சருடைய நிமிர்ந்த கையெழுத்து. பிழை திருத்தின கை என்று பார்த்தாலே தெரியும்.

‘இடது கை வலிக்கிறது என்றான். மீதி நாளை.’

வேலை ஏன் நின்றது என்று காரணம் எழுதுவது அவர் பழக்கம். மழை, கரண்ட் இல்லை, வாஷர் கிடைக்கவில்லை என்று முந்தைய பக்கங்களில் எத்தனையோ காரணங்கள்.

பழைய டைனமோவின் போல்ட் துருப்பிடித்திருந்தது. கம்பியைக் கொடுத்து நெம்பி நெம்பித்தான் அது வெளியே வந்தது. கையை உதறிக்கொண்டே தம்பி மெதுவாகச் சொன்னான்.

“கை வலிக்குதுக்கா. மூணாவது தெரு மெக்கானிக்கக் கூப்பிடட்டுமா? ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவான்.”

“முப்பது வருஷமா நம்ம ஷெட்டுக்குள்ள வெளி ஆள் வந்ததில்ல. இப்ப என்ன புதுசா? கம்பி பிடிக்க நான் இல்லையா?”

அவன் சோப்புப் போட்டு நெடுநேரம் கை கழுவினான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். பசியில்லை என்றான். அதை டீச்சர் நோட்டில் எழுதவில்லை.

அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு, எட்டாவது, ஏழாவது, ஆறாவது வரிகளைப் படித்தார். புது டைனமோ உள்ளே. ஆச்சு. கீழ் போல்ட். ஆச்சு. மேல் போல்ட், கையால் மட்டும், இறுக்காமல். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. வாய்விட்டுத்தான் சொன்னார், சொல்லாவிட்டால் கை அடுத்த வேலைக்கு நகரவில்லை. சின்ன பிளக் சொடக்கென்று ஏறியது. பின்பக்கத்துத் தடித்த சிவப்பு வயரின் நட்டை இறுக்குகையில் ஸ்பேனர் நழுவி விரல் கணு தோலுரிந்தது. துணியால் ஒற்றிக்கொண்டார். பெல்ட்டை ஒரு சக்கரத்தில் மாட்டினால் மறு சக்கரத்தில் கழன்றது. அதுவும் ஒரு வழியாக ஏறிக்கொண்டபோது மணி இரண்டேகால்.

மீதி இருந்தது இரண்டாவது வரியும் முதல் வரியும். முதல் வரி சுலபம், பேட்டரியின் மைனஸைப் பூட்டுவது. இரண்டாவதுதான் பெல்ட்டை இறுக்குவது. அங்கேதான் டீச்சர் நின்றார்.

எஞ்சினுக்கும் டைனமோவுக்கும் நடுவில் கம்பியைக் கொடுத்து ஒருவர் வெளிப்பக்கமாக நெம்பிப் பிடிக்க வேண்டும். பெல்ட் விறைத்து நிற்கிற அந்த நொடியில் இன்னொருவர் மேல் போல்ட்டை இறுக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. தம்பி நெம்புவான், டீச்சர் இறுக்குவார். இறுக்கின பிறகு அவன் பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பான். அரை விரல் அகலம் இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கினால் மறுபடியும்.

டீச்சர் கம்பியைக் கொடுத்தார். இடது கையால் நெம்பிக்கொண்டு வலது கையில் ஸ்பேனரைப் பிடித்தார். இரண்டு கைக்கும் நடுவே தூரம் போதவில்லை. ஸ்பேனர் போல்ட்டைப் பிடித்தபோது கம்பி தளர்ந்தது; கம்பி விறைத்தபோது ஸ்பேனர் நழுவியது. மூன்று தடவை அப்படியே. நெற்றி வியர்வை பெல்ட்டின் மேல் சொட்டியது. அதை அவசரமாகத் துடைத்தார். பெல்ட்டில் ஈரம் ஆகாது என்று தம்பி திட்டுவான்.

“அத ஒரு ஆளால பண்ண முடியாது.”

ஷெட் வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

“கம்பிய இப்படிக் கொடு. நான் நெம்புறேன், நீ டைட் பண்ணு.”

“வேண்டாம்.”

“பாப்பா, நான் இருபது வருஷம் வேன் ஓட்டினவன். இதெல்லாம் ரோட்டுல படுத்துக்கிட்டே பண்ணியிருக்கேன்.”

“தெரியும். வேன் ஓட்டினது எல்லாருக்கும் தெரியும்.”

அண்ணனுடைய கை நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி, பேட்டரி மேல் கிடந்த நோட்டை எடுத்தார்.

டீச்சர் கம்பியை விட்டுவிட்டுக் கையை நீட்டியிருக்கலாம். விட்டால் பெல்ட் கழன்றுவிடும். அவர் கம்பியைப் பிடித்தபடியே அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். எட்டு வரி, பிறகு அதற்குக் கீழே. அவருடைய உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. அசைவது நின்ற பிறகும் கண் அந்த இடத்திலேயே இருந்தது.

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

அண்ணன் நோட்டை மூடினார். பேட்டரி மேல் திரும்ப வைக்கவில்லை. தரையில் திறந்து கிடந்த சாமான் பெட்டிக்கு முன்னால், முழங்காலில் கை ஊன்றி மெல்லக் குனிந்து, ஸ்பேனர்களை நகர்த்தி, எல்லாவற்றுக்கும் அடியில் நோட்டை வைத்தார். அதன் மேல் எண்ணெய்த் துணியைப் போட்டுப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். எழுந்து கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

“நாலு மணிக்கு வண்டி வந்துடும்,” என்றார்.

போகிறபோது ஷெட்டின் தகரக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனார். கூடத்துப் பக்கமிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி.

டீச்சர் கம்பியின் முனையைத் தன் இடுப்பெலும்பில் கொடுத்து, உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தார். வலி பளிச்சென்று ஏறியது. பெல்ட் விறைத்தது. இரண்டு கையும் இப்போது ஸ்பேனருக்கு. கால் சுற்று, அரைச் சுற்று. கம்பி வழுக்கியது. மிச்சத்தை அவசரமாக இறுக்கினார். போல்ட் பிடித்துக்கொண்டது. கம்பியை எடுத்துவிட்டுப் பெருவிரலால் பெல்ட்டை அமுக்கினார்.

ஒரு விரல் அகலம் இறங்கியது.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை நெம்ப உடம்பில் தெம்பில்லை. மைனஸைப் பூட்டினார். பானட்டை இறக்கினார். காரின் வாய் மூடியது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூடவே பெல்ட் அலறியது. இரும்புச் சக்கரத்தில் ரப்பர் வழுக்குகிற சத்தம். கீச்சென்று தொடங்கி, உயர்ந்து, ஷெட்டின் தகரத்தில் மோதித் திரும்பியது. கூடத்தில் பேச்சு நின்றுபோனது. என்ன அது, யார் அழுவது என்று அண்ணி கேட்பது ஜன்னல் வழியாக வந்தது. வண்டிதான் என்று அண்ணன் சொல்வதும் வந்தது.

டீச்சருக்குக் காதெல்லாம் சூடேறியது. இந்த வீட்டுக் கார் இப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடங்கு, அடங்கு என்று வாய்க்குள்ளேயே சொன்னார். ஒரு நிமிஷம் போனது. பெல்ட் சூடேறி, பிடிமானம் கிடைத்து, சத்தம் தேய்ந்து நின்றது. முன் பலகையில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. டைனமோ வேலை செய்தது.

இனி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி கிளம்பும்போது கத்தும். எஞ்சினை ஓட விட்டபடியே இறங்கிப் போய்க் கை கழுவினார். சேலை மாற்றிக்கொண்டார். தம்பியின் அருகில் போய் நின்று, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அவன் நகக்கண்ணில் நேற்றைய கிரீஸ் கொஞ்சம் மிச்சமிருந்தது. காலையில் குளிப்பாட்டினவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

நாலு மணிக்கு ஊர்தி வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். பின்னால் அந்த வீட்டுக் கார் போனது. எழுபத்தோரு வயதுப் பெண்மணி ஒருவர் கழுத்து வளையாமல் ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. உடன் வருகிறேன் என்று இரண்டு பேர் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டார். மருந்துக்கடைக்காரர் கடையை விட்டிறங்கி நின்றார். தையற்கடைக்காரர் மெஷினை நிறுத்தினார். கார் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் அவர்களைக் கடந்தது. அதற்கும் பின்னால் அண்ணனுடைய பெரிய கார், ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டு வந்தது. எந்தத் திருப்பத்திலும் அது முன்னால் வர முயலவில்லை.

தகன நிலையம் ஊர் எல்லையில் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு உள்ளே போக முடியாது. வாயிலில் நின்ற காவலாளி வண்டியை அணைக்கச் சொன்னான். டீச்சர் அணைத்தார்.

உள்ளே நீளமான கூடம், வரிசையாக சிமெண்டு பெஞ்சுகள், கோடியில் ஓர் இரும்புக் கதவு. நீலச் சட்டை போட்ட ஊழியர் அட்டையைப் பார்த்துக்கொண்டே, நெருங்கின சொந்தம் இன்னும் யாராவது வர வேண்டுமா என்று கேட்டார்.

“இல்ல. நான் மட்டும்தான்.”

அவர் அட்டையில் ஏதோ கோடு கிழித்துக்கொண்டார். அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. இரும்புக் கதவு திறந்து மூடுவதற்கு ஒரு மாடிப்படி ஏறுகிற நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் எல்லோரும் கலையாமல் நின்றார்கள். தம்பியோடு டெலிபோன் ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்த நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சருக்கு அருகில் வந்தார்.

“போன வாரம்கூட பேசினேன்மா. நல்லாத்தான் இருந்தார். முந்தின நாள் ஏதாச்சும் தொந்தரவுன்னு சொல்லலையா?”

டீச்சர் வாயைத் திறந்தார். இரண்டு தடவை சொன்ன வார்த்தை மூன்றாவது தடவை வரவில்லை. சுற்றி நின்றவர்கள் அவரையே பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள்.

“ஒண்ணும் சொல்லல,” என்றார் அண்ணன். கைத்தடியால் தரையில் ஒரு சருகை நகர்த்திக்கொண்டே சொன்னார், யாரையும் பார்க்கவில்லை. “நல்லா சாப்பிட்டுட்டுத்தான் படுத்திருக்கான். தூக்கத்துலயே போயிட்டான்.”

நண்பர் தலையாட்டினார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். டீச்சர் சொன்னபோது இருந்ததைவிட அது உண்மையாக ஒலித்தது.

முப்பத்திரண்டு வருஷம் வேன் ஊரெல்லாம் ஓடியது. நோட்டில் அண்ணன் படித்தது எங்கேயும் ஓடாது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கைப்பையைத் திறந்தார். தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மூடினார்.

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் அண்ணன் மட்டும் தன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ கிளப்பு பாப்பா. நீ கிளம்பினதும் நாங்க வர்றோம்.”

“நீங்க போங்கண்ணா. எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு.”

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. மதியம் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவர். வேன் ஓட்டினவருக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் இரண்டு கார்கள் அவருக்குப் பின்னால் தயங்கி நின்றன. கைத்தடியை உயர்த்தி அவற்றைப் போகச் சொல்லிவிட்டு, அவரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சர் தன் காருக்குள் உட்கார்ந்து, கடைசிக் கார் வளைவில் திரும்புவதைக் கண்ணாடியில் பார்த்தார். திரும்பின பிறகும் கொஞ்ச நேரம் இருந்தார். காவலாளி தன் கூண்டுக்குள் போய்விட்டான். வெளிமுற்றத்தில் வேறு வண்டி இல்லை.

சாவியைத் திருப்பினார். பெல்ட் கத்தியது. மதியத்தைவிட உரக்கக் கத்தியது. இங்கே தகரம் இல்லை, சுவர் இல்லை. சத்தம் எதிலும் மோதாமல் நேரே மேலே போனது. காவலாளி கூண்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டான்.

டீச்சர் கியரைப் போடவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் ஆனது. சத்தம் மெலிந்து, விட்டுவிட்டு வந்து, அடங்கப் பார்த்தது. அப்போது அவர் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தார்.

அது மறுபடி எழுந்தது.